பழைய சர்வரை அணைக்கும் முன்

2002 நவம்பரில் இணையத்தின் ரூட் சர்வர்களில், அதாவது பெயர்த் தேடல் தொடங்கும் வேர்ச் சர்வர்களில், ஒன்று தன் முகவரியை மாற்றிக்கொண்டது. ஏ முதல் எம் வரை பதின்மூன்று எழுத்துகளால் அந்தச் சர்வர்களை அழைக்கிறோம், மாறியது ஜே. அதுவரை ஏ-யும் ஜே-யும் ஒரே முகவரித் தொகுதிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றுக்கு வரும் ஆபத்து மற்றதையும் தொடும் என்பதால் ஜே-யைத் தனியே பிரித்தார்கள். புது முகவரியை முறைப்படி ஊருலகத்துக்கு அறிவித்தார்கள். உலகெங்கும் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஜே-யை நடத்தும் வெரிசைன் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். பதின்மூன்று ஆண்டு கழிந்த பிறகும் பழைய முகவரிக்குக் கேள்விகள் வந்துகொண்டுதான் இருந்தன.

என்னிடம் வேலை கற்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் நான் சொன்னது இந்தச் செய்தியைத்தான். ஒரு மாற்றத்துக்கு நாள் குறிக்க நம்மால் முடியும். அந்த மாற்றம் கடைசி ஆள்வரை போய்ச் சேரும் நாளைக் குறிக்க நம்மால் முடியாது. சேர்கிறவரை பழைய இடத்திலும் யாராவது இருந்து பதில் சொல்ல வேண்டும். என் வேலைக் காலம் முழுக்க நான் கற்றது அநேகமாக இதற்குள் அடங்கிவிடும்.

நான் பார்த்த வேலைக்குச் சென்னையில் ‘ட்ரான்சிஷன்’ என்று பெயர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் கணினி வேலைகளை ஒரு சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கும். பழையவர்களிடமிருந்து வாங்கிப் புதியவர்களிடம் சேர்க்கும் அந்தச் சில மாதங்கள்தான் எங்கள் களம். முதலில் கேடி, அதாவது பழையவர் சொல்லப் புதியவர் கேட்டுக்கொள்வது. பிறகு ஷேடோ, பழையவர் வேலை செய்யப் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பிறகு ரிவர்ஸ் ஷேடோ, புதியவர் செய்யப் பழையவர் பார்ப்பது. அதன்பின் ஒரு நாள் கட்-ஓவர், பழையதை விட்டுப் புதியதற்கு மாறுவது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தச் சொற்கள் சாப்பாட்டு நேரத்தில்கூடக் காதில் விழும்.

இதில் என் கைக்கு வந்தது டிஎன்எஸ் எனப்படும் பெயர்ச் சர்வர்கள். நீங்கள் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். கணினிக்குப் பெயர் புரியாது, எண் வேண்டும். அது உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வரைக் கேட்கிறது. அந்தச் சர்வர், பெயருக்கு உரியவர் நடத்தும் சர்வரைத் தேடிப்போய்க் கேட்டு எண்ணை வாங்கி வருகிறது. வாங்கியதைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதைப் பதில் சொல்கிறவரே பதிலோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு டிடிஎல் என்று பெயர், கணக்கு நொடிகளில். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள்.

நினைவில் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இணையம் ஒரு நாள்கூட ஓடாது. ஒவ்வொரு கேள்விக்கும் வேர்வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். இடம் மாறும் காலத்தில் மட்டும் அதே நினைவு நம்மைச் சோதிக்கும். நாம் சர்வரை மாற்றிவிட்டோம். கேட்கிறவர் நினைவில் பழைய எண் இருக்கிறது. அவர் நேரே பழைய இடத்துக்குத்தான் போவார். அங்கே யாரும் இல்லையென்றால், அவரைப் பொறுத்தவரை நம் நிறுவனமே இல்லை.

ஆகவே முன்கூட்டியே டிடிஎல்லைக் குறைப்போம். ஒரு நாளாக இருப்பதை ஐந்து நிமிடமாக, அதாவது 300 நொடியாக வைப்போம். அந்தக் குறைப்பும் உடனே பலிக்காது. ஒரு நாள் நினைவில் வைத்துக்கொள் என்று நேற்றுச் சொன்னவரிடம் இன்று போய்ச் சொல்ல வழியில்லை. அவரே மறந்து, மறுபடி கேட்க வரும்போதுதான் புதுச் செய்தியைச் சொல்ல முடியும். கட்-ஓவர் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவு குறைத்துப் பயனில்லை, புதன்கிழமையே குறைத்திருக்க வேண்டும். சொன்ன சொல்லுக்கு ஓர் ஆயுள் உண்டு, அது முடியும்வரை சொன்னவர்தான் அதற்குப் பொறுப்பு என்பதை எனக்குக் கற்றுத்தந்தது எந்த நீதி நூலும் அல்ல, இந்த எண்தான்.

நம் கையில் இல்லாத எண்ணும் ஒன்று உண்டு. நம் பெயர்ச் சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்பதை நமக்கு மேலே இருப்பவர்தான் உலகுக்குச் சொல்கிறார். .காம் என்று முடியும் பெயர்களுக்கு அந்த மேல்நிலைச் சர்வர்கள் சொல்லும் டிடிஎல் 172800 நொடி, முழுதாக இரண்டு நாள். நாம் ஐந்து நிமிடம் வைத்தாலும் அவர் சொன்ன இரண்டு நாள் குறையாது. சிலர் அதையும் மதிக்காமல் இன்னும் அதிக நாள் பிடித்து வைத்திருப்பார்கள். இதனால்தான் பெயர்ச் சர்வரையே மாற்றும்போது பழையதும் புதியதும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு சேர்ந்து ஓட வேண்டும் என்பேன். இரண்டு நாள் என்பது ஏட்டுக் கணக்கு. இரண்டு வாரம் விடுங்கள், ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது.

‘இல்லை’ என்ற பதிலும் நினைவில் நிற்கும். 1998-இல் வந்த விதிமுறை அதைத் தெளிவாக வகுத்தது. புதுப் பெயரைப் பதிவதற்கு முன்பே ஆர்வக்கோளாறில் யாராவது அதைத் தட்டிப் பார்த்துவிட்டால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில் அவர்கள் பக்கத்துச் சர்வரில் தங்கிவிடும். பிறகு நாம் பதிந்தாலும் கொஞ்ச நேரம் அவர்களுக்கு அது இல்லாததுதான். புதுப் பெயரை முதலில் பதியுங்கள், பிறகு ஊருக்குச் சொல்லுங்கள் என்று நான் நச்சரித்ததற்குக் காரணம் இது.

எதிலும் அவசரப்படுத்துவது செலவுக் கணக்குத்தான். பழைய சர்வருக்கு வாடகை ஓடுகிறது, பழைய நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் போகிறது, கட்-ஓவர் மறுநாளே அணைத்துவிடுங்கள் என்பார்கள். அப்படி அணைத்த இடம் ஒன்றை நான் அறிவேன். பெயர் வேண்டாம். அங்கே முதன்மைச் சர்வர் ஒன்று, அதிலிருந்து நகல் எடுத்துப் பதில் சொல்லும் துணைச் சர்வர்கள் இரண்டு. புதியவர்கள் வந்ததும் முதன்மையை அணைத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இணையதளம் வந்தது, மின்னஞ்சல் போனது. பார்த்தீர்களா, தேவையே இல்லாத பெட்டி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார்கள். கட்-ஓவர் குழு கலைந்து வேறு வேறு வேலைகளுக்குப் போய்விட்டது.

துணைச் சர்வர்களுக்கு முதன்மைச் சர்வர் ஒரு காலக்கெடு சொல்லி வைத்திருக்கும். என்னை இத்தனை நாள் எட்ட முடியவில்லை என்றால் உன் நகலை நம்பாதே, பதில் சொல்வதை நிறுத்திவிடு என்பது அதன் பொருள். அந்த இடத்தில் அது 1209600 நொடியாக இருந்தது. பதினான்கு நாள். பதினான்காம் நாள் இரண்டு துணைச் சர்வர்களும் ஒன்றுபோல வாயை மூடிக்கொண்டன. தளம் இல்லை, மின்னஞ்சல் இல்லை. அன்று யாரும் எதையும் தொடவில்லை என்பதால் எங்கே தேடுவது என்றுகூட அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் நடந்ததை நினைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தார். அந்த ஒருவரை எப்போதோ அனுப்பிவிட்டிருந்தார்கள்.

வாழ்க்கையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் விலகிப்போன மறுநாள் எதுவும் நின்றுவிடுவதில்லை. அவர் போட்டு வைத்த ஏற்பாடுகள் சில காலம் தாமாக ஓடும். அந்தச் சில காலத்தைப் பார்த்து, அவர் இருந்ததே தேவையில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

விலகுகிறவர் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் நான் மிகவும் மதித்தது அவர்களைத்தான். ஒரு ட்ரான்சிஷன் என்றால் எதிர்ப்பக்கம் பலருக்கு வேலை போகிறது. தன் வேலையை எடுத்துக்கொள்ள வந்தவனுக்கே உட்கார்ந்து பாடம் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு. கேடி அமர்வில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருக்காது.

இங்கிலாந்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படி ஒரு முதியவரைச் சந்தித்தேன். பெயர்ப் பட்டியலைக் கோப்பாக எடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அதில் பயன்படாதவை என்று சில வரிகளுக்குக் குறியிட்டார்கள். அவற்றில் ஒரு பெயருக்கு மாதக் கணக்கில் யாரும் வந்ததாகப் பதிவே இல்லை. நான் அந்த முதியவரோடு மதியம் சாப்பிடும்போது அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஒரு பழைய இயந்திரம் அந்தப் பெயரைக் கேட்கும், அது கிடைக்காவிட்டால் ஊழியர்களின் வருமான வரிப் படிவங்கள் நின்றுபோகும் என்றார். எந்த ஆவணத்திலும் அது இல்லை, அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது. அந்தக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த சில நாள்களில் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். அவரிடம் அதைக் கேட்கச் சொல்லி எந்தத் திட்ட அட்டவணையிலும் ஒரு வரி இல்லை. அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எனக்குத் தோன்றியதே காரணம். வேலை இழக்கப்போகிற மனிதருக்கு நாற்காலி இழுத்துப் போடத் தெரியாதவரிடம் எந்தச் சர்வரையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர்ச் சர்வர்களே ஒரு நீண்ட கைமாற்றத்தில் பிறந்தவைதாம். ஆரம்பத்தில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் இருந்த கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கையால் சேர்ப்பார்கள், மற்றவர்கள் கோப்பை நகலெடுத்துக்கொள்வார்கள். வலை வளர வளர அது முடியாமல் போயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய டிஎன்எஸ் முறையை வகுத்தார். அன்றே பழைய கோப்பை யாரும் தூக்கி எறியவில்லை. இரண்டும் பல ஆண்டுகள் சேர்ந்தே ஓடின. இன்றுகூட உங்கள் கணினிக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் அந்தக் கோப்பின் வாரிசு இருக்கிறது. ட்ரான்சிஷன் செய்கிறவர்கள் அதைத் திறந்து பார்க்க மறக்கக் கூடாது. என்றோ ஒரு அவசரத்துக்கு யாரோ ஒரு எண்ணை அதில் எழுதி வைத்திருப்பார்கள். டிஎன்எஸ் முழுவதும் மாறிய பிறகும் அந்த ஒரு கணினி மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

துணைச் சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் மாற்றக் காலத்தில் வெளிச்சத்துக்கு வரும். 1997-இல் வந்த விதிமுறை ஒன்று, ஒரு பெயருக்கான சர்வர்கள் ஊராலும் வலைப்பாதையாலும் விலகி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அப்போது பெயர்ச் சர்வர்கள் நான்கு இருந்தன. நான்கும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. 2001 ஜனவரியில் ஒரு ரவுட்டரின் அமைப்பை ஒருவர் தவறாக மாற்ற, நான்கும் சேர்ந்து எட்டாமல் போய், அந்த நிறுவனத்தின் தளங்கள் பலருக்கும் ஏறத்தாழ ஒரு நாள் கிடைக்கவில்லை. எண்ணிக்கை இருந்தது, இடைவெளி இல்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரமும் தொலைபேசியும் பகுதி பகுதியாக அற்றுப்போன அந்த நாள்களில், ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இரண்டு சர்வர் வைத்திருப்பது ஒன்று வைத்திருப்பதற்குச் சமம்தான். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் பெருந்தாக்குதல் நடந்தபோது, அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பியிருந்த பெரிய பெரிய தளங்கள் முடங்கின. அதன்பிறகே பலர் இரண்டாவது நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றிக்கொண்டு போகும் காலம் இதற்கு நல்ல வாய்ப்பு. பழைய நிறுவனத்தை முழுக்க விடாமல் துணையாக வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. கட்-ஓவர் இரவில் இளைஞர் ஒருவர் திரையைக் காட்டி, “சார், எல்லாம் பச்சையா இருக்கு சார், மெயில் போட்டுடலாமா?” என்று கேட்பார். “தம்பி, ஆபீஸ் வைஃபைல இருந்து பாக்காதப்பா. அதை அணைச்சிட்டு உன் போன்ல பாரு. அப்புறம் வேற கம்பெனி சிம் வச்சிருக்கவங்க போன்ல பாரு” என்பேன். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பதில், வெளியே இருப்பவர்களுக்கு வேறு பதில் என்று அமைத்திருக்கும் இடங்கள் நிறைய. உள்ளிருந்து பார்த்தால் நமக்கு நம் பதில்தான் தெரியும். நம்மை நம்பியிருக்கும் வெளியூர்க்காரருக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி. நிர்வாகத்தில் இருப்பவர்கள், பெற்றோராக இருப்பவர்கள், யாராக இருந்தாலும் தங்கள் வேலையைத் தங்கள் இடத்திலிருந்தே மதிப்பிட்டுக்கொண்டால் அந்த மதிப்பீடு நல்லதாகத்தான் வரும்.

நாம் தொடப்போகிற ஒன்றின் மேலேயே நம் தப்பிக்கும் வழியைக் கட்டி வைக்கவும் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையைத் துண்டித்துவிட்டது. பெயர்ச் சர்வர்கள் நல்லபடி இருந்தும், தரவு மையத்தோடு தொடர்பு அற்றதைக் கண்டு இணையத்துக்குத் தாமே வழியை மூடிக்கொண்டன. சரிசெய்ய வேண்டியவர்கள் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் அவையும் வேலை செய்யவில்லை. ஆட்கள் நேரில் போய்ச் சர்வரைத் தொட வேண்டியதாயிற்று. ஆகவே ட்ரான்சிஷன் இரவில் யார் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். எல்லாருடைய மின்னஞ்சலும் மாறப்போகிற அதே டொமைனில் இருக்கும்போது, ஏதாவது என்றால் மெயில் போடுங்கள் என்று எழுதி வைப்பதில் பயன் இல்லை.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பல நிறுவனங்களில் விழிப்பார்கள். முதன்முதலில் பதிந்த ஊழியர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருப்பார். அவர் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா மாதிரி, விற்கவோ பிரிக்கவோ போகும் நாள்வரை யாருக்கும் அது உறைக்காது. புதுப்பிக்கும் அறிவிப்பு அந்தப் பழைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அங்கேதான் போகும். கேடி முதல் வாரத்திலேயே இதைத் தீர்த்துக்கொள்ளாமல் மற்ற எதையும் தொடக்கூடாது. சர்வரை ஒரு இரவில் மாற்றிவிடலாம், பெயரின் உரிமையை ஒரு இரவில் மாற்ற முடியாது.

நான் சொல்வது பயத்தால் வந்த அதிகப்படி எச்சரிக்கை என்று சிலர் நினைக்கலாம். சுவீடனில் 2009 அக்டோபர் 12 அன்று நடந்ததைச் சொல்கிறேன். .எஸ்இ என்று முடியும் பெயர்கள் அப்போது சுமார் 9 லட்சம். வழக்கமான பராமரிப்பில் ஓடிய ஒரு நிரல், ஒவ்வொரு பெயரின் முடிவிலும் இருக்க வேண்டிய ஒரு புள்ளியை விட்டுவிட்டது. பெயரின் இறுதியில் புள்ளி இல்லையென்றால் சர்வர் தன் பங்குக்கு இன்னொரு .எஸ்இ-யைச் சேர்த்துக்கொள்ளும். நாட்டின் தளங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. ஒரு மணி நேரத்துக்குள் தவறைத் திருத்திவிட்டார்கள். தவறான பதிலை அதற்குள் வாங்கி நினைவில் வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் திருத்தம் போய்ச் சேர நேரமாயிற்று.

பின்வாங்குவதற்கும் அதே காத்திருப்பு வேண்டும். ட்ரான்சிஷன் திட்டங்களில் கடைசிப் பக்கத்தில் ‘ரோல்பேக்’ என்று ஒரு சொல் இருக்கும், சரிவராவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாம் என்று. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம், பதில்களுக்கு மறையெழுத்துக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறைக்கு மாறப்பார்த்தது. சிலருக்குச் சிக்கல் வந்ததும் அவசரமாகப் பின்வாங்கியது. ‘இந்தப் பெயரின் பதிலில் கையொப்பம் இருக்கும், சரிபார்த்து வாங்கு’ என்று மேல்நிலைச் சர்வர் சொன்னதை உலகம் ஒரு நாள் நினைவில் வைத்துக்கொள்ளும். கையொப்பத்தை நிறுத்தியதும், அந்த நினைவு இருந்த இடங்களிலெல்லாம் கையொப்பம் இல்லாத பதிலை ஏற்க மறுத்துவிட்டார்கள். முன்னே போனதைவிடத் திரும்பி வந்ததால் வந்த பாதிப்பு பெரிது. புது நிறுவனத்துக்கு மாறும் இடங்களில் இந்தக் கையொப்ப விஷயம் அடிக்கடி காலை வாரிவிடும். மேலே இருக்கும் குறிப்பை எடுத்துவிட்டு, அதன் ஆயுள் முடியக் காத்திருந்து, பிறகுதான் நகர வேண்டும்.

காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. இணைய வேரில் இந்தக் கையொப்பங்களுக்கான முதன்மைச் சாவியை மாற்ற ஐகேன் அமைப்பு 2017 அக்டோபர் 11-ஐக் குறித்திருந்தது. வரலாற்றிலேயே முதல் முறை. பல ஆண்டுத் தயாரிப்பு, உலகம் முழுக்க அறிவிப்பு எல்லாம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன், கணிசமான சர்வர்கள் இன்னும் புதுச் சாவியைப் பெறவில்லை என்று தரவு காட்டியது. ஒத்திவைத்தார்கள். எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிகிறது. சரியாக ஓராண்டு கழித்து 2018 அக்டோபர் 11 அன்று மாற்றினார்கள், பெரிதாக எந்தச் சேதமும் இல்லாமல் முடிந்தது. குறித்த நாளில் செய்து முடிப்பதைத்தான் நம் அலுவலகங்களில் பெருமையாகப் பேசுகிறோம். குறித்த நாளில் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னவரை யாரும் மேடையேற்றுவதில்லை. என்னைக் கேட்டால் அவருக்கே முதல் மாலை போடுவேன்.

பழைய முகவரியை அக்கறையில்லாமல் விட்டுப் போனால் அது வெறுமனே கிடக்காது. எல் ரூட் சர்வரின் முகவரி 2007 நவம்பரில் மாறியது. பழைய முகவரியில் ஆறு மாதம் பதில் சொல்லிவிட்டு 2008 மே மாதம் அதை நடத்தும் ஐகேன் நிறுத்தியது. அந்தப் பழைய முகவரியில் வேறு சிலரும் சர்வர் வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சமயத்தில் வெளியே வந்தது. அவர்கள் தவறான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்ல நினைத்திருந்தால் யாரால் தடுத்திருக்க முடியும்? 2017-இல் .ஐஓ என்று முடியும் பெயர்களுக்கான ஏழு பெயர்ச் சர்வர்களில் நான்கின் பெயர்களை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சந்தையில் காசு கட்டித் தன் பெயரில் பதிவுசெய்ய முடிந்தது. நல்ல மனிதர், உடனே உரியவர்களுக்குத் தெரிவித்தார். நாம் விட்டுப்போன இடத்துக்கு நம்மை நம்பி வருகிறவர்கள் இருக்கும்வரை, அங்கே யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்த விஷயத்தில் பி ரூட் சர்வரை நடத்தும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2023 நவம்பர் 27 அன்று முகவரியை மாற்றியபோது, பழைய முகவரியிலும் குறைந்தது ஓராண்டு பதில் சொல்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். பொறுப்பைக் கொடுத்த பிறகும் தானே எல்லாவற்றையும் முடிவு செய்வேன் என்று நிற்பது ஒரு பிழை. கொடுத்துவிட்டேன், இனி என்னைக் கேட்காதே என்று போய்விடுவது இன்னொரு பிழை. பழைய பெயர்ச் சர்வர், மாற்றக் காலத்தில் புதியது சொல்வதற்கு முரணாக எதையும் சொல்லக் கூடாது. தேடி வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. புதியவர் சொன்னதையே அதுவும் சொல்ல வேண்டும். மகனோ மருமகளோ பொறுப்பேற்ற வீட்டில், பழக்கத்தால் நம்மிடமே கேட்க வருகிற உறவினர்களிடம் அவர்கள் முடிவையே நம் வாயாலும் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விகள் நம்மிடம் வருவது குறையும். அதுதான் சரியான குறைவு. அது குறைகிறதா என்று பார்க்கத்தான் பழைய சர்வரின் லாக்கைத் தினமும் திறந்து பார்க்கச் சொல்வேன். யார் இன்னும் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தப் பெயரைக் கேட்டு என்று அதில் இருக்கும். தேடிப்பிடித்து அவர்களுக்குச் சொல்லலாம். நம் வாடிக்கையாளரின் ஒரு கிளை அலுவலகமாக இருக்கும், எப்போதோ விட்டுப்போன ஒரு பிரிண்டராக இருக்கும்.

அடுத்த சில மாதங்களில் ஏதாவது ஒரு கைமாற்றத்தில் உட்காரப்போகிற பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். திட்ட மதிப்பீடு எழுதும்போது பழைய பெயர்ச் சர்வர்களுக்கு ஒரு மாத வாடகையையும், பழையவர்களில் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளத்தையும் தனி வரியாக எழுதுங்கள். மேலே போகும்போது அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் அடிக்கப் பார்ப்பார்கள். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.